வண்டியை அணைத்தாலும் ஃபேன் சுற்றுகிறதே! – வாசகர் கேள்வி பதில்

டீசல் கார் வைத்திருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் எழுதலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள். ஃபேன் நிற்கவில்லை, மஞ்சள் விளக்கு எரிகிறது, டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி அடைத்துக்கொண்டதாம். அதனால் டயர், பெயின்ட், இன்சூரன்ஸ் கேள்விகளை இந்த முறை ஓரமாக வைத்துவிட்டேன். அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2021-ல் டீசல் கார் வாங்கினேன். காலையில் பேத்தியைப் பள்ளியில் விட்டு வந்து வீட்டு வாசலில் நிறுத்தினால், சில நாள் சாவியை எடுத்த பிறகும் முன்பக்கம் ஃபேன் ஹோவென்று ஓடுகிறது. ஐந்து நிமிஷம் கழித்துத்தான் நிற்கிறது. கருகிய வாடை வேறு. ஆனால் டெம்பரேச்சர் முள் நடுவில்தான் இருக்கிறது. தினமும் இப்படி ஆவதில்லை. ‘என்றைக்காவது தீப்பிடிக்கப் போகிறது’ என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். – காந்தி நகர், காட்பாடி

பதில்: முதலில் பக்கத்து வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்துங்கள் சார். வண்டி தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நீங்கள் பாதியில் அணைத்துவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிஎஸ்4 டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்தூள் விடலாம். பிஎஸ்6-ல் அது 4.5 மில்லிகிராம். இஞ்சினை மட்டும் சரிசெய்து இவ்வளவு இறக்க முடியாது என்பதால் சைலன்ஸர் பாதையில் ஒரு வடிகட்டியைப் பொருத்தினார்கள். அதுதான் டிபிஎஃப். உள்ளே பீங்கான் கட்டி, அதில் சன்னமான நீளத் துளைகள். ஒரு துளைக்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும், அதன் பக்கத்துத் துளைக்கு அப்படியே தலைகீழ். உள்ளே போன புகைக்கு வேறு வழி கிடையாது. பீங்கான் சுவரை ஊடுருவித்தான் அடுத்த துளைக்குப் போகவேண்டும், கரி சுவரிலேயே தங்கிவிடும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் சைலன்ஸர் வாயில் விரலை விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கருக்காது. என் பட்டறைக்கு வரும் பழைய லாரி டிரைவர்கள் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள்.

தங்கிய கரியை எரித்துத்தான் ஒழிக்க வேண்டும். கரி நன்றாகப் பிடித்து எரிய 600 டிகிரி வாக்கில் சூடு தேவை. டவுனுக்குள் உருட்டிக்கொண்டு போகும்போது புகைப் பாதையில் 200 டிகிரி வந்தாலே பெரிது. நெடுஞ்சாலையில் 300, 400 என்று ஏறும். அந்தச் சூட்டில், புகையிலேயே இருக்கும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றுவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. டவுன் வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் கரி ஒரு அளவைத் தாண்டியதும் இஞ்சின் கம்ப்யூட்டர் தானே முடிவெடுக்கும். சிலிண்டரில் எரிதல் முடியப்போகிற நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சும். அது உள்ளே முழுசாக எரியாமல் புகையோடு வெளியே வந்து, வடிகட்டிக்கு முன்னால் இருக்கும், எரிதலைத் தூண்டும் கேட்டலிஸ்டில் பட்டு எரியும். அங்கேதான் அந்த 600 டிகிரி கிடைக்கிறது. இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள், பட்டறையில் சுருக்கமாக ரீஜென். சாதாரணமாகப் பத்து நிமிஷத்திலிருந்து இருபத்தைந்து நிமிஷம் வரை பிடிக்கும்.

இப்போது வரும் கார்களில் பலவற்றில் இந்த வடிகட்டி இஞ்சினை ஒட்டி, பானட்டுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் வயர், ரப்பர் குழாய், பிளாஸ்டிக் என்று எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அந்த இடத்துச் சூட்டை இறக்கத்தான் ரேடியேட்டர் ஃபேன் முழுவேகத்தில் ஓடுகிறது. இஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் கொதிக்கவில்லை, அதனால்தான் முள் நடுவிலேயே நிற்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் இரும்புச் சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி, சாவியை எடுத்த பிறகும் உள்ளே சூடு இருக்கிறது. அது இறங்கும்வரை ஃபேன் பேட்டரியில் ஓடிவிட்டுத் தானாக நிற்கும். வாடையும் அந்தச் சூட்டினால் வருவதுதான்.

ரீஜென் நடக்கிறது என்று கண்டுபிடிக்க வேறு அடையாளங்களும் உண்டு. சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங், அதாவது இஞ்சின் சும்மா சுற்றும் வேகம், வழக்கமான 800 ஆர்பிஎம்மிலிருந்து ஆயிரத்தை ஒட்டி ஏறும். தானாக அணைந்து தானாகக் கிளம்பும் வசதி உள்ள வண்டி அன்றைக்கு அணையாது. மீட்டரில் மைலேஜ் சட்டென்று இறங்கும். சைலன்ஸர் சத்தம் கொஞ்சம் கட்டைக்குரலாக மாறும். சில வண்டிகளில் இதற்கென்று விளக்கே கிடையாது, இந்த அடையாளங்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். ஓடைப் பிள்ளையார் கோயில் சிக்னலில் இதைக் கவனித்தீர்கள் என்றால் நேராக வீட்டுக்குப் போகாமல், சித்தூர் ரோட்டில் கிறிஸ்தியான்பேட்டை செக்போஸ்ட் வரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள். வேலை முடிந்துவிடும், வாசலில் ஃபேனும் அடங்கிவிடும். நேரமில்லையா, பரவாயில்லை. அணைத்துவிடுங்கள், அடுத்த ஓட்டத்தில் வண்டி மறுபடி ஆரம்பிக்கும். எப்போதாவது ஒருமுறை பாதியில் நின்றால் ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றால்தான் கரி ஏறிக்கொண்டே போகும்.

ஒன்றே ஒன்று எச்சரிக்கை. இஞ்சின் அணைந்துவிட்டதே என்று பானட்டைத் திறந்து ஃபேன் பக்கம் கையை விடாதீர்கள். நின்ற ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். பேத்தியையும் அந்தப் பக்கம் விடவேண்டாம்.

கேள்வி: எனக்குத் தினமும் சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆபீஸ். இந்த வாரம் டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு வந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் ‘ஓட்டுங்க மேடம், போயிடும்’ என்றார்கள். எங்கே ஓட்டுவது, எப்படி ஓட்டுவது என்று சொல்லவில்லை. – சத்துவாச்சாரி

பதில்: அவர்கள் சொன்னது சரிதான் மேடம், பாதியோடு நிறுத்திவிட்டார்கள். உங்கள் வீட்டிலிருந்து இறங்கினாலே பெங்களூரு நெடுஞ்சாலை. இதைவிட நல்ல இடம் கிடையாது.

வண்டியை எடுத்து முள் வழக்கமான இடத்துக்கு வரும்வரை சாதாரணமாக ஓட்டுங்கள். இஞ்சின் சூடேறாமல் ரீஜென் தொடங்காது. டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும், ரிசர்வ் விளக்கு எரிந்தால் பல வண்டிகளில் கம்ப்யூட்டர் இதை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. கிரீன் சர்க்கிள் தாண்டி பள்ளிகொண்டா பக்கம் போங்கள். வேகம் 60-க்குக் குறையாமல், 70, 80-ல் சீராக இருந்தால் போதும். டாப் கியரில் போட்டு இஞ்சினைத் தூங்கவிடாதீர்கள், ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்பிஎம்மை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் விளக்கு அணைய வேண்டும். டோல்கேட்டுக்கு முன்னாலேயே மேம்பாலத்துக்கு அடியில் திரும்பினால் அந்தக் காசும் மிச்சம். திரும்பி வரும்போதும் அதே வேகம்.

நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுமை இல்லாத இஞ்சின் எவ்வளவு உறுமினாலும் புகைப் பாதையில் தேவையான சூடு வராது, டீசல்தான் தீரும்.

இரண்டு முறை இப்படி ஓட்டியும் விளக்கு போகவில்லை, அல்லது விளக்கு விட்டு விட்டு எரிகிறது, கூடவே இஞ்சின் விளக்கும் வந்து வண்டி இழுக்க மறுக்கிறது என்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, இஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள். அந்தக் கட்டத்தில் பட்டறையிலேயே நிறுத்திவைத்து ரீஜென் செய்ய வேண்டியிருக்கும். அதையும் தாண்டிக் கரி ஏறிவிட்டால் கம்ப்யூட்டர் மறுத்துவிடும். அவ்வளவு கரியும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால் சூடு கட்டுக்கடங்காமல் ஏறி, பீங்கான் வெடித்துவிடும் என்று அதற்குத் தெரியும். அப்புறம் கழற்றிச் சுத்தம் செய்வதோ புதுசு போடுவதோதான். புதுசின் விலையை இங்கே எழுதி உங்கள் தூக்கத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

கேள்வி: அண்ணே, எங்க ஊர் மெக்கானிக் போன கோடையில் ‘தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிட்டா இஞ்சின் ஹீட் ஆகவே ஆகாது’ என்று எடுத்துவிட்டார். உண்மையிலேயே முள் கீழேயே நிற்கிறது, சந்தோஷமாக இருந்தேன். இப்போது மாசத்துக்கு ரெண்டு தடவை டிபிஎஃப் விளக்கு வருகிறது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா? – ஆரணி

பதில்: சம்பந்தம் இல்லாமலா தம்பி! விளக்கு வருவதற்குக் காரணமே அதுவாகத்தான் இருக்கும்.

இது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். மே மாசத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர், அந்தக் காலத்து அம்பாசிடர், ரேடியேட்டரில் பாதி அடைப்பு, கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர். அந்த வண்டிகளில் வால்வைக் கழற்றி எறிந்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நான் பழகிய பட்டறையில் கழற்றிய வால்வுகள் ஒரு பழைய டப்பா நிறையக் கிடக்கும்.

பிஎஸ்6 டீசலில் கதையே வேறு. இஞ்சின் சுமார் 90 டிகிரியில் ஓடவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லாம் செய்திருக்கிறார்கள். வால்வு இல்லாவிட்டால் கூலன்ட் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் கிளம்பி ஆரணி டவுனைச் சுற்றி வருவதற்குள் இஞ்சின் சூடேறவே ஏறாது. கம்ப்யூட்டர் கூலன்ட் சூட்டைப் பார்க்கிறது, ‘இன்னும் போதவில்லை’ என்று ரீஜெனைத் தள்ளிப்போடுகிறது. இதற்கு நடுவில் குளிர்ந்த இஞ்சின் வழக்கத்தைவிட அதிகமாகக் கரி கக்குகிறது. வரவு கூடி செலவு நின்றுபோனால் வடிகட்டி நிரம்பத்தானே செய்யும்?

வால்வைப் பொருத்துங்கள், அதுவும் அந்த வண்டிக்குரிய சரியான டிகிரி வால்வு. கழற்றாமலேயே அது திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் இதே கதைதான். அதனால் டிபிஎஃப் விளக்கு அடிக்கடி வரும் வண்டி எது வந்தாலும் நான் முதலில் வடிகட்டியைத் தொடுவதில்லை, கூலன்ட் எத்தனை டிகிரியில் நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். அடுத்தது பிரஷர் சென்சார் குழாய். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் எவ்வளவு அழுத்தம் என்று அளக்க மெல்லிய குழாய்கள் போகும். அதில் ரப்பர் வெடித்தாலோ எலி கடித்தாலோ கம்ப்யூட்டருக்குப் பொய்க்கணக்குப் போகும். அரியூரிலிருந்து வந்த ஒரு வண்டிக்கு இன்னொரு பட்டறையில் டிபிஎஃப் மாற்றச் சொல்லி எஸ்டிமேட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எலி கடித்த ஒரு சாண் குழாயை மாற்றினோம், விளக்கு போய்விட்டது.

கேள்வி: பழைய டீசல் கார் இருந்தவரை லிட்டருக்கு 20 தந்தது. இப்போது சில நாள் மீட்டரில் 12, 13 காட்டுகிறது. டீசல் எங்கே போகிறது? – ராணிப்பேட்டை

பதில்: கரி எரிக்கப் போகிறது சார். ரீஜென் நடக்கும் அந்தக் கால்மணி நேரம் மைலேஜ் சரியும், அப்புறம் பழையபடி ஏறும். ஒரு நாள் மீட்டரைப் பார்த்துக் கவலைப்படாமல் ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் வரை கணக்குப் பாருங்கள். அதிலும் குறைந்திருந்தால் ரீஜென் அடிக்கடி நடக்கிறது என்று அர்த்தம், ஆரணித் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு மெக்கானிக் ‘டிபிஎஃப் உள்ளே இருக்கிறதை உடைச்சு எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல மேப்பிங் மாத்திட்டா ஜென்மத்துக்கும் தொல்லை இல்லை, மைலேஜும் ஏறும்’ என்கிறார். செய்யலாமா? – குடியாத்தம்

பதில்: செய்யாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்ற அனுமதி இல்லை. மாற்றிய உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. விற்கும்போது விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டார், வாரன்ட்டியும் போச்சு.

சட்டத்தை விடுங்கள். பாலாற்றுப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறோம், பேசவும் வேண்டும். அதே வாயால், என் வண்டிக் கரி மட்டும் பின்னால் டூவீலரில் வருகிறவன் நெஞ்சுக்குள் போகலாம் என்று சொல்ல முடியுமா? இந்தக் கரித்தூள் கண்ணுக்குத் தெரியாத சைஸ், நுரையீரலின் அடி வரைக்கும் போகும். என் பட்டறையில் இந்த வேலையைச் செய்வதில்லை. கேட்டு வருகிறவர்களில் சிலர் முறைத்துக்கொண்டு போகிறார்கள், போகட்டும்.

வடிகட்டிக்கும் ஆயுள் உண்டு என்பது வேறு விஷயம். கரி எரிந்து போய்விடும். ஆனால் இஞ்சின் ஆயிலில் கலந்திருக்கும் உலோக உப்புகள் எரிந்து சாம்பலாகி வடிகட்டியிலேயே தங்கும், அதை எந்த ரீஜெனும் எரிக்காது. லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியில் அது கணக்குக்கு வரும். அப்போது கழற்றி, அதற்கென்று உள்ள மெஷினில் சுத்தம் செய்யலாம். வாட்டர் சர்வீஸ் பம்பால் பீய்ச்சி அடித்தால் பீங்கான் சுவர் போய்விடும், அதற்கு உடைத்ததே மேல்.

கேள்வி: ஆயில் மாற்றி நாலு மாசம்கூட ஆகவில்லை. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் மேல் கோட்டுக்கும் மேலே நிற்கிறது. ஆயில் குறையும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன், கூடுமா? – தொரப்பாடி

பதில்: கூடியது ஆயில் இல்லை சார், டீசல். டிப்ஸ்டிக்கை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள்.

ரீஜெனுக்காகக் கடைசி நேரத்தில் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, ரிங் இடுக்கில் கீழே இறங்கி ஆயிலோடு சேர்ந்துவிடும். நல்ல ரோட்டில் ஓடும் வண்டியில் அது ஆவியாகிப் போய்விடும். தொரப்பாடியிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து தொரப்பாடி என்று ஓட்டினால் ஒவ்வொரு முறையும் ரீஜென் ஆரம்பித்து அறுபடும், டீசல் சேர்ந்துகொண்டே வரும். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங்கும் டர்போவும் தேயும். ரொம்ப ஏறிவிட்டால் இஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சித் தானாக ஓட ஆரம்பிக்கும், சாவியை எடுத்தாலும் நிற்காது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் சர்வீஸ் தேதி வரும்வரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றிவிடுங்கள். கொஞ்சம் இறக்கிவிட்டு அளவைச் சரிக்கட்டுவது வேலைக்காகாது, மிச்சம் இருப்பதும் நீர்த்த ஆயில்தானே. டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும். டப்பாவில் ஏசிஇஏ சி2, சி3 என்பது போலப் போட்டிருக்கும், உங்கள் கையேட்டில் எது சொல்லியிருக்கிறதோ அது. லாரிக்கு வாங்கிய டின்னில் மிச்சம் இருக்கிறது என்று ஊற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஏலகிரி ஏறி அத்தனாவூரில் வண்டியை நிறுத்தினோம். ஃபேன் பெரும் சத்தத்தோடு ஓடியது. இதுவும் ரீஜென்தானா? – ஆம்பூர்

பதில்: இருக்கலாம், ஆனால் மலையேறி முடித்ததும் ஓடுவதற்கு ரீஜென் தேவையில்லை. 14 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது கியர், உள்ளே அஞ்சு பேர், ஏசி. இஞ்சின் சிரமப்படுகிறது, வேகம் இல்லாததால் முன்பக்கம் காற்றும் இல்லை. ஏசி கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு தன் பங்குக்குச் சூட்டை ஊதுகிறது. ஃபேன் ஓடாவிட்டால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். மேலே போனதும் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிஷம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள், டர்போவுக்கு நல்லது.

பாதி மலையிலேயே முள் நடுவைத் தாண்டி ஏறினால் அது வேறு கோளாறு. ஓரமாக நிறுத்துங்கள், ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும், மூடி திறந்த நொடியில் முகத்தில் பீறிடும்.

கேள்வி: ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது. ராத்திரி முழுக்க ஃபேன் ஓடிக்கொண்டே இருந்ததாக வாட்ச்மேன் சொல்கிறார். – பாகாயம்

பதில்: இது ரீஜென் இல்லை. அந்த ஃபேன் சில நிமிஷம் ஓடும், மிஞ்சினால் பத்து நிமிஷம், பிறகு நின்றுவிடும். ராத்திரி முழுக்க ஓடியது என்றால் ஃபேன் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஃபேன் கன்ட்ரோல் மாட்யூல் போயிருக்கும். முதலில் ரிலேயை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு. இன்னொரு வகையும் உண்டு: சாவி போட்ட உடனேயே, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஃபேன் முழுவேகத்தில் ஓடும். அப்படியென்றால் கூலன்ட் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக ஃபேனைப் போட்டுவிடும். பாகாயத்தில் மரமும் அதிகம், எலியும் அதிகம்.

கேள்வி: டிஇஎஃப் திரவம் ஊற்றினால் டிபிஎஃப் சுத்தமாகுமா? – வாலாஜா

பதில்: ஆகாது. அது 32.5 சதவீத யூரியா கலந்த தண்ணீர். புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் குறைக்க அதற்கென்று தனி டேங்க், தனிப் பாதை இருக்கிறது. நீல மூடியில் ஊற்ற வேண்டியதை டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் டோ செய்து கொண்டுவாருங்கள்.

கேள்வி: வீடு வேலப்பாடி, வேலைக்குப் போகும் தூரம் மூன்று கிலோமீட்டர்கூட வராது. வருஷத்துக்கு ரெண்டு தடவை திருப்பதி, ஒரு தடவை சென்னை. செகண்ட் ஹேண்ட் டீசல் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா? – வேலூர்

பதில்: வேண்டாம் தம்பி, பெட்ரோல் வாங்குங்கள். பிஎஸ்4 காலத்தில் இந்தக் கேள்விக்கு ரூபாய்க் கணக்கை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இப்போது உங்கள் வண்டி வாரத்தில் ஒரு தடவையாவது அரைமணி நேரம் தடையில்லாமல் ஓடுமா என்று பார்க்க வேண்டும். வேலப்பாடிக்கும் உங்கள் ஆபீஸுக்கும் நடுவில் அது நடக்காது. சின்ன கார்களில் டீசலுக்கு இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது, மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை விட்டே விட்டது. தினமும் வாணியம்பாடி, கிருஷ்ணகிரி என்று ஓடுகிறவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டீசல் என்று சொல்லியிருப்பேன்.

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், வாங்குவதற்கு முன் ஸ்கேனர் போட்டுக் கரி எத்தனை கிராம், கடைசி ரீஜென் எத்தனை கிலோமீட்டருக்கு முன் முடிந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்கிறவர் ஸ்கேனர் போட ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: ஒடுகத்தூர் பக்கம் போகும்போது ரோட்டிலேயே கொள்ளும் கேழ்வரகும் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஏற்றித்தான் போகவேண்டியிருக்கிறது. கார் சூட்டில் தீப்பிடிக்கும் என்கிறார்களே, உண்மையா? – அணைக்கட்டு

பதில்: உண்மை. காந்தி நகர் சாருக்குத் தீப்பிடிக்காது என்று சொன்னேன், அவர் நிறுத்துவது சிமென்ட் வாசலில். காய்ந்த தட்டை வண்டிக்கு அடியில் சுற்றிக்கொண்டால் சாதாரண நாளிலேயே ஆபத்து. ரீஜென் நடக்கும் நேரமாக இருந்தால் வடிகட்டியும் அதை ஒட்டிய குழாயும் எந்தச் சூட்டில் இருக்கும் என்று மேலே படித்தீர்கள்.

முடிந்தவரை ரோட்டில் மிச்சம் இருக்கும் ஓரத்தில் போங்கள், ஒரு வார்த்தை கேட்டால் விவசாயிகளே ஒதுக்கி வழிவிடுவார்கள். ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால் அதன்மேல் நிறுத்தாமல் தாண்டிப் போங்கள். தாண்டியதும் காலியான இடத்தில் நிறுத்தி, குனிந்து அடியில் பாருங்கள். தொங்கும் தட்டையைக் குச்சியால் இழுத்து எடுங்கள், கையால் வேண்டாம். வாடை வந்தாலோ புகை வந்தாலோ முதலில் எல்லாரும் இறங்கிவிடுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொடி போட்ட களத்திலும், வைக்கோல் போர் பக்கத்திலும் வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கல்யாணம், திருவிழா என்று கிராமத்துக்குப் போகிறவர்கள் நிழலைப் பார்த்துக் காய்ந்த புல்மேல் நிறுத்துவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். வெயிலில் நின்றால் சீட்டு சுடும், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, நான் இஞ்சினியரிங் மாணவன். ஸ்கேனர் மாட்டும் ஓபிடி போர்ட்டில் ப்ளூடூத் டாங்கிள் மாட்டி, அப்பா காரின் டிபிஎஃப் கரி அளவை மொபைலில் பார்க்கிறேன். அப்பா ‘காரை நோண்டாதே’ என்று திட்டுகிறார். – காட்பாடி

பதில்: சும்மா படித்துப் பார்ப்பதால் காருக்கு ஒன்றும் ஆகாது, அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். கரி எத்தனை கிராம், புகைச் சூடு எத்தனை டிகிரி, ரீஜென் ஓடுகிறதா இல்லையா என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வாசகர்கள் எனக்கு எழுதவே வேண்டியதில்லை. எல்லா ஆப்பும் எல்லா வண்டிக்கும் சரியான எண் காட்டாது, அதை மட்டும் சரிபார்த்துக்கொள். விளக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் பதிவான எரர் கோட் எண்ணை அழித்துவிட்டு ‘சரி பண்ணிட்டேன்’ என்று மட்டும் சொல்லாதே. வேலை முடிந்ததும் டாங்கிளைக் கழற்றி வை. மாட்டியபடியே ரெண்டு வாரம் வண்டி நின்றால் பேட்டரி இறங்கும், அப்புறம் அப்பா திட்டுவதில் நியாயம் இருக்கும்.